மூடா ஆற்று நீர்க்கணக்கு: விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம், மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். முதுகலை ஆய்வுக்காக, மூடா ஆற்றுப்படுகையில் 2050 வரை எவ்வளவு தண்ணீர் தேவைப்படும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். பினாங்குக் குழாய்த் தண்ணீரில் 80 சதவீதத்துக்கு மேல் இந்த ஆற்றை நம்பித்தான், ஆனால் நீர்ப்பிடிப்புப் பகுதி பெரும்பாலும் பக்கத்து மாநிலமான கெடாவில். மூடா அணையின் தண்ணீர் சுரங்கம் வழியாகப் பெடு அணைக்குப் போய் அங்கிருந்து வயலுக்குப் போகிறது, கீழே ஆறு வற்றாமல் பார்த்துக்கொள்வது பெரிஸ் அணை.

வீடு, தொழிற்சாலைக் கணக்கு முடிந்தது. சிக்கல் நெல்லில்தான். பயிருக்கு வேண்டியதைக் கிராப்வாட் மென்பொருள் சொல்லிவிடுகிறது, சரி, ஆனால் சேறடிக்க நிலத்தை ஊறவைக்கும் தண்ணீரில் எவ்வளவு வடிகால் வழியாக ஆற்றுக்கே திரும்புகிறது? அதைக் கழிக்காவிட்டால் ஒரே தண்ணீரை இரண்டு முறை எண்ணிவிடுவேன் (முதல் வரைவில் அதைத்தான் செய்திருந்தேன்!).

அப்புறம், செபராங் பிறையில் நெல் போடும் அண்ணன்மார் யாராவது, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு பாய்ச்சும் முறையைச் செய்து பார்த்திருக்கிறீர்களா? களை அதிகமானதா? வாய்க்காலில் உங்கள் முறை வரும்வரை பயிர் தாங்கியதா? பழைய குறிப்பேடு இருந்தாலும் போதும், நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன்.