சேவை, விடாமுயற்சிக்குத் தரும் ஸ்காலர்ஷிப்: வீட்டுப் பொறுப்பும் அக்கம்பக்க உதவியும் கணக்கில் வருமா?

டாம்பா அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் பதினொன்றாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். ஃப்ளோரிடாவில், டாம்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கிரீன் கார்டு போன வருடம்தான் வந்தது.

அவள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் பாதித்ததால் வேலையை விட வேண்டியதாயிற்று. நான் ஒரு மருந்துக்கடையில் மாலை ஷிஃப்ட் பார்க்கிறேன். தம்பியைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது, சாப்பாடு போடுவது, அப்பாவை உட்காரவைத்துப் பேச்சுப் பயிற்சி செய்ய வைப்பது எல்லாமே அவள் பொறுப்பு. அதனால் பள்ளியில் எந்த கிளப்பிலும் அவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கிறாள். அதுதான் வெளியே தெரிகிற சேவை.

2024-இல் ஹெலீன், மில்டன் என்று இரண்டு வாரத்துக்குள் இரண்டு புயல் வந்தது நினைவிருக்கும். மில்டனுக்கு முன்னால் எங்கள் குடியிருப்பில் கதவு கதவாகத் தட்டி, தனியாக இருக்கும் வயதானவர்கள் யார், யாருக்குக் கார் இல்லை, யார் ஃபிரிட்ஜில் இன்சுலின் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதினாள். கரண்ட் போன பிறகு அவளும் கீழ்வீட்டுப் பையனும் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வீடுகளுக்குப் போய் வந்தார்கள். யாரும் சான்றிதழ் தரவில்லை. ஒரு போட்டோகூடக் கிடையாது.

தெரிந்தவர் சொல்லி ஒரு ஆலோசகரிடம் பேசினேன். "சொந்தமாக ஒரு நான்ப்ராஃபிட் (லாப நோக்கமில்லாத தொண்டு அமைப்பு) ஆரம்பித்தால்தான் ஸ்காலர்ஷிப் கமிட்டி திரும்பிப் பார்க்கும், அதற்கு நான் உதவுகிறேன்" என்று பெரிய தொகை கேட்டார். உண்மையிலேயே அப்படித்தானா? இவள் செய்ததெல்லாம் சேவை, தலைமை என்ற கணக்கில் வரவே வராதா? வெயிட்டட் ஜிபிஏ (கடினமான பாடங்களுக்குக் கூடுதல் மதிப்புப் போட்டுக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) 3.6.

விண்ணப்பம் படிப்பவர்:

தங்கச்சி, அந்த ஆலோசகருக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.

நான் ஒஹாயோவில் இருக்கிறேன், ஓய்வு பெற்றவன். எங்கள் கவுன்டியின் (மாவட்டம் மாதிரி) சமூக அறக்கட்டளைக்கு ஒவ்வொரு வசந்தத்திலும் மாணவர் விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடுகிறேன். படிப்பு, சேவை, தலைமை, தாண்டி வந்த தடைகள், பணத் தேவை என்று தாளில் தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். மாணவர் ஆரம்பித்த நான்ப்ராஃபிட் எங்களுக்கு அலுத்துப்போன சமாச்சாரம். வெப்சைட் இருக்கும், லோகோ இருக்கும், "நிறுவனர்" என்று பட்டம் இருக்கும். யாருக்கு என்ன நடந்தது என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. நிஜமாக உழைத்த பிள்ளைகளும் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டத்துக்காக நான் அரை மதிப்பெண் கூடப் போட்டதில்லை.

தலைமை என்ற கட்டத்தில் நான் பார்ப்பது இதுதான்: யாரும் சொல்லாமல் இந்தப் பிள்ளை எதைக் கையில் எடுத்தது, பாதியில் விட்டிருந்தால் யாருக்குக் கஷ்டம் வந்திருக்கும். உங்கள் மகளின் நோட்டில் இரண்டுக்கும் பதில் இருக்கிறது. அந்த நோட்டு பத்திரமாக இருக்கிறதா? இருந்தால் எடுத்து வையுங்கள். விண்ணப்பத்தோடு அனுப்புவதற்காகச் சொல்லவில்லை. அவள் எழுத உட்காரும்போது எத்தனை வீடு, யார் முதலில் கதவைத் திறக்க மறுத்தார்கள், ஐஸ் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் அதைப் பார்த்தால்தான் ஞாபகம் வரும்.

பெரும்பாலான பிள்ளைகள் "புயல் நேரத்தில் முதியவர்களுக்கு உதவினேன்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அதே இடத்தில் "மில்டனுக்கு முன் எங்கள் கட்டடத்தில் தனியாக வாழும் முதியவர்களின் பட்டியல் எடுத்தேன். கரண்ட் போனதும் இன்சுலின் வைத்திருந்த வீடுகளுக்குத் தினமும் ஐஸ் கொண்டுபோனேன்" என்று எழுதினால் போதும், படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். திறக்காத இன்சுலினைக் குளிரில் வைக்க வேண்டும் என்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது? அம்மா மருந்துக்கடையில் இருப்பதால் என்று நினைக்கிறேன். அதையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு குடும்பத்தின் தொழிலறிவு பக்கத்து வீட்டுக்குப் பயன்பட்டது என்பது எனக்குப் பெரிய விஷயம்.

வீட்டுப் பொறுப்புக்கு வருகிறேன். கல்லூரிகளுக்கான காமன் ஆப் படிவத்தில் செயல்பாடுகளுக்குப் பத்து இடம் உண்டு, ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துதான். அதில் குடும்பப் பொறுப்பு என்றே ஒரு வகை இருக்கிறது. தம்பியைப் பார்த்துக்கொண்டது, அப்பாவின் பயிற்சி இரண்டையும் அதில் போடலாம், போட வேண்டும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்பார்கள், உள்ளதைப் போடுங்கள். மற்ற பிள்ளைகள் கிளப்பில் இருந்த நேரத்தில் இவள் எங்கே இருந்தாள் என்பதற்கு அதுவே பதிலாகிவிடும்.

எங்கே விண்ணப்பிப்பது? கோகோ-கோலா ஸ்காலர்ஸ் எல்லோரும் சொல்வார்கள். வருடத்துக்கு 150 பேருக்கு ஆளுக்கு 20,000 டாலர். விண்ணப்பிப்பவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் ஆகஸ்டில் திறந்து செப்டம்பர் கடைசியில் மூடிவிடும். கிரீன் கார்டு இருந்தால் போதும். முதல் சுற்றில் கட்டுரை கிடையாது, அதனால் ஒரு மாலையில் முடிக்கலாம். போடுங்கள், ஆனால் அதையே நம்பி உட்கார வேண்டாம். ஹொரேஷியோ ஆல்ஜர் சங்கம் 1947 முதல் இருக்கிறது. கஷ்டத்தைத் தாண்டி வந்த பிள்ளைகளுக்கென்றே தருகிறார்கள், ஜிபிஏ 2.0 இருந்தாலே விண்ணப்பிக்கலாம். ஆனால் வருமான வரம்பும் குடியுரிமை நிபந்தனையும் உண்டு, முதலில் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

என் அனுபவத்தில் உங்கள் மகள் மாதிரிப் பிள்ளைக்குப் பணம் வரும் இடம் உள்ளூர்தான். கவுன்டியின் சமூக அறக்கட்டளை, ரோட்டரி, கிரெடிட் யூனியன், உங்கள் வேலையிடம், மின்சாரக் கூட்டுறவு. ஆயிரம், இரண்டாயிரம் டாலர்தான் இருக்கும், போட்டிக்கு நாற்பது ஐம்பது பேர் வந்தாலே அதிகம். எங்களிடமே சில நிதிகளுக்கு ஆள் வராமல் போன வருடங்கள் உண்டு. பள்ளி கவுன்சலர் அனுப்பும் பட்டியலை யாரும் திறந்தே பார்ப்பதில்லை.

கெயின்ஸ்வில் மாணவி:

ஆன்ட்டி, நானும் ஃப்ளோரிடாதான். முதலில் பிரைட் ஃப்யூச்சர்ஸைப் பாருங்கள். லாட்டரிப் பணத்தில் 1997 முதல் மாநிலம் தருவது. கமிட்டி, நேர்காணல் எதுவும் இல்லை, தகுதி இருந்தால் கிடைத்துவிடும். மேல் நிலைக்கு வெயிட்டட் ஜிபிஏ 3.5, அடுத்ததற்கு 3.0. கூடவே சாட், ஏசிடி மாதிரியான கல்லூரி நுழைவுத் தேர்வு மதிப்பெண் வேண்டும். மேல் நிலை கிடைத்தால் அரசுக் கல்லூரியில் டியூஷன் (படிப்புக் கட்டணம்) முழுவதும், அடுத்ததில் முக்கால் பங்கு. கிரீன் கார்டு செல்லும்.

இதில்தான் சேவை மணி நேரம் கண்டிப்பு. மேல் நிலைக்கு 100 மணி, அடுத்ததற்கு 75. அல்லது சம்பளத்துக்கு வேலை பார்த்த 100 மணி. இந்த மாற்றம் 2022-இல் வந்தது. வேலைக்குப் போயே ஆக வேண்டிய பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி! நான் மளிகைக்கடை கேஷ் கவுன்டர் சம்பள ரசீதை வைத்துத்தான் முடித்தேன்.

ஆனால் சொந்தக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டதைப் பள்ளிகள் இந்த மணி நேரத்தில் சேர்ப்பதில்லை. அது எனக்கு நியாயமாகப் படவில்லை, ஆனாலும் நிலைமை அதுதான். தமிழ்ப் பள்ளி நேரம் சேரும், பள்ளியின் படிவத்தில் தமிழ்ப் பள்ளிப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். சில பள்ளிகளில் முன்கூட்டியே அனுமதி வாங்கச் சொல்வார்கள். இந்த வாரமே கவுன்சலரிடம் கேளுங்கள். மாநில விண்ணப்பம் பன்னிரண்டாம் வகுப்பு அக்டோபர் 1-இல் திறக்கும்.

எச்-4 அப்பா:

விவரங்களுக்கு நன்றி. எல்க்ஸ் என்ற சமூக சேவை அமைப்பு வருடத்துக்கு 500 பேருக்குத் தருகிறது. சேவை, தலைமை, பணத் தேவை எல்லாம் பார்க்கிறார்கள். ஆனால் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்தான், கிரீன் கார்டு செல்லாது. டாம்பா சகோதரி அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

எங்கள் மகன் எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தருவது) இருக்கிறான். பெரும்பாலான பெரிய ஸ்காலர்ஷிப்களின் கதவு அவனுக்கு மூடித்தான் இருக்கிறது. இங்கேயே வளர்ந்து, உணவு வங்கியில் மூட்டை தூக்கிய பையன். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது. அதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: கல்லூரியே நேரடியாகத் தரும் மெரிட் உதவிக்குப் பல இடங்களில் விசா தடையில்லை. சில உள்ளூர் நிதிகளும் "இந்தக் கவுன்டியில் பள்ளி முடித்தவர்" என்பதை மட்டுமே கேட்கின்றன.

டாம்பா அம்மா:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நோட்டு இருக்கிறது, தண்ணீர் பட்டு ஓரம் சுருங்கியிருக்கிறது, ஆனால் படிக்க முடிகிறது.

ஒரு சிக்கல். இதையெல்லாம் மகளிடம் காட்டினேன். "அப்பாவோட நோயைக் காட்டி நான் காசு கேட்கணுமா?" என்று கேட்டாள். அவர் பக்கத்து அறையில்தான் இருந்தார். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

கெயின்ஸ்வில் மாணவி:

ஆன்ட்டி, நானும் இதையே கேட்டு அழுதிருக்கிறேன். எங்கள் வீட்டில் அப்பா இறந்துவிட்டார். அந்த நாளைப் பற்றி ஒரு வரிகூட எழுத மாட்டேன் என்று முடிவெடுத்து, அதன்பிறகு வீட்டுக் கணக்கை நான் எப்படிப் பார்த்தேன் என்பதை மட்டும் எழுதினேன். எந்த பில்லை முதலில் கட்டுவது, இன்ஷூரன்ஸ்காரர்களிடம் போனில் எப்படிப் பேசுவது என்று. உள்ளூரில் இரண்டு கிடைத்தது. எதைச் சொல்லலாம் என்று அம்மாவிடம் கேட்டுத்தான் எழுதினேன். உங்கள் மகளும் அங்கிளிடமே கேட்கலாம். அவருக்குப் பேச்சு தடுமாறினாலும் சம்மதமா இல்லையா என்று சொல்ல முடியுமே.

விண்ணப்பம் படிப்பவர்:

அந்தக் கேள்வி கேட்ட பிள்ளை மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. கெயின்ஸ்வில் மாணவி சொன்ன வழிதான் சரி. மருத்துவமனைக் காட்சி எங்களுக்கு வேண்டாம். சோகம் கூடினால் மதிப்பெண் கூடும் என்று யாரோ பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள், படிக்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. அப்பாவுக்குப் பக்கவாதம் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, பேச்சுப் பயிற்சியை அவள் எப்படி நடத்துகிறாள் என்பதற்குப் போய்விடலாம். தமிழில் செய்கிறார்களா, ஆங்கிலத்திலா? எந்தச் சொல் வர நாளானது? தமிழ்ப் பள்ளியில் எழுத்து சொல்லிக்கொடுக்கும் பெண் வீட்டில் அப்பாவுக்கும் சொல்லைச் சேர்த்துக் கொடுக்கிறாள். இதை நானாக இணைத்துப் பார்க்கிறேன், அவளுக்கு அப்படித் தோன்றாவிட்டால் விட்டுவிடட்டும்.

அதுவும் வேண்டாம் என்றால் புயல் நோட்டைப் பற்றி மட்டும் எழுதட்டும். வீட்டு நிலைமையை கவுன்சலர் தன் கடிதத்தில் இரண்டு வரியில் சொல்லிவிடுவார். காமன் ஆப்பிலும் சவால்கள், சூழ்நிலைகள் பற்றி 250 வார்த்தைக்குள் எழுதத் தனி இடம் இருக்கிறது, விருப்பம் இருந்தால் நிரப்பலாம்.

நிதியுதவி அலுவலகத்தில் வேலை:

பணம் கிடைத்த பிறகு நடப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான் சொல்கிறேன். வெளி ஸ்காலர்ஷிப் வந்தால் சில கல்லூரிகள் தாங்கள் தருவதாகச் சொன்ன உதவியில் அதே அளவைக் கழித்துவிடும். பிள்ளை உழைத்து வாங்கிய 2,000 டாலர் கல்லூரிக்கு மிச்சமாகிவிடும். மேரிலாந்து 2017-இல் அரசுக் கல்லூரிகளில் இதற்குக் கட்டுப்பாடு போட்டது, பிறகு வேறு சில மாநிலங்களும் சட்டம் கொண்டுவந்தன. மற்ற இடங்களில் அந்தந்தக் கல்லூரியின் கொள்கைதான். சேருவதற்கு முன் மின்னஞ்சலில் கேளுங்கள்: "வெளிப் பணம் வந்தால் முதலில் கடனைக் குறைப்பீர்களா, கிராண்டை (திருப்பித் தர வேண்டாத உதவியை) குறைப்பீர்களா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், டியூஷன், புத்தகத்துக்குப் போகும் ஸ்காலர்ஷிப்புக்கு வரி இல்லை. தங்கும் அறைக்கும் சாப்பாட்டுக்கும் போனால் அந்தப் பகுதி வரிக் கணக்கில் வரும்.

டாம்பா அம்மா:

என் கணவரே சம்மதம் சொல்லிவிட்டார். "எழுது" என்றார், தெளிவாகவே வந்தது. தமிழ்ப் பள்ளியில் கையெழுத்துக்குக் கேட்டிருக்கிறேன். இன்னொரு சந்தேகம்: பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது? குடியிருப்பு மேனேஜர் தருகிறேன் என்கிறார், ஆனால் புயல் சமயத்தில் அவர் ஊரிலேயே இல்லை. மகள் ஐஸ் கொண்டுபோன வீட்டில் ஒரு கியூபா நாட்டுப் பாட்டி இருக்கிறார். அவருக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும்.

விண்ணப்பம் படிப்பவர்:

பாட்டியிடம் வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். அவர் ஸ்பானிஷில் எழுதட்டும், அல்லது சொல்லச் சொல்ல அவர் வீட்டில் ஒருவர் எழுதட்டும். பள்ளியின் ஸ்பானிஷ் ஆசிரியரிடம் மொழிபெயர்க்கக் கேளுங்கள், மொழிபெயர்த்தவர் பெயரும் கையெழுத்தும் கீழே இருக்க வேண்டும். உங்கள் மகள் மொழிபெயர்க்கக் கூடாது. மூலக் கடிதத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். விதியில் ஆசிரியர் கடிதம்தான் வேண்டும் என்று இருந்தால், பாட்டியின் கடிதத்தைக் கூடுதலாக ஏற்பார்களா என்று அந்த அறக்கட்டளைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். எங்களுக்கு அப்படி போன் வந்தால் சந்தோஷமாகத்தான் பதில் சொல்வோம்.