படகையும் எடுத்துக்கொண்டு பாக்கியையும் கேட்டால்? (வெர்செய்ல்ஸ் பற்றி ஒரு வாக்குவாதம்)

தொண்டிக்காரன்:
பத்தாவது படிக்கும் மகளுக்கு ஒரு கேள்வி: முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி மீது ஜெயித்த நாடுகள் போட்ட வெர்செய்ல்ஸ் உடன்படிக்கைதான் இரண்டாம் உலகப் போருக்கு விதை போட்டதா? சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தவன், ஒப்பந்தத்தையே தேடிப் படித்துவிட்டேன். 1919 ஜூன் 28-ல் கையெழுத்து. படையில் ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடாது, விமானப்படையே கூடாது. இதெல்லாம் தெரிந்ததுதான். 1,600 டன்னும் அதற்கு மேலும் உள்ள வணிகக் கப்பல் அத்தனையும், மீன்பிடிப் படகில் கால் பங்கும் கொடுக்க வேண்டும் என்பதைப் படித்தபோதுதான் நெஞ்சு அடைத்தது. மீன்பிடிப் படகு!

என் மாமா ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கி விசைப்படகு கட்டினார். மீன்பாடு குறைந்தது, பணம் கட்ட முடியவில்லை. வியாபாரி படகை எடுத்துக்கொண்டார், நோட்டில் பாக்கி மட்டும் அப்படியே நின்றது. படகு மணலில் சாய்ந்து கிடந்து, வெயிலில் பலகை வாய் பிளந்து, யாருக்கும் ஆகாமல் போனது. மாமா கேரளாவுக்குக் கூலிக்குப் போனார். ஜெர்மனிக்கு நடந்ததும் இதுதான்.

பாம்பன் தம்பி:
அண்ணே, மாமாவுக்கு நடந்தது அநியாயம். ஆனால் அவர் யார் வலையையும் அறுக்கவில்லை. ஜெர்மன் படை பின்வாங்கும்போது வடக்கு பிரான்ஸின் நிலக்கரிச் சுரங்கங்களைத் தண்ணீரில் மூழ்கடித்துவிட்டுப் போனது. அதை யார் கட்டுவது? 1871-ல் தோற்ற பிரான்ஸிடம் ஜெர்மனி 500 கோடி ஃபிராங்க் கேட்டது, பிரான்ஸ் 1873-க்குள் கட்டி முடித்தது. 1918 மார்ச்சில் பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க் ஒப்பந்தத்தில் ரஷ்யாவிடம் உக்ரைனையும் போலந்தையும் கறந்ததும் இவர்கள்தான்.

தொண்டிக்காரன்:
தம்பி, 500 கோடி எங்கே, 1921-ல் ஜெர்மனிக்குப் போர் இழப்பீடாகப் போட்ட 13,200 கோடி தங்க மார்க் எங்கே? தவணை தவறியதும் 1923 ஜனவரியில் பிரான்ஸும் பெல்ஜியமும் ஜெர்மனியின் நிலக்கரி, தொழிற்சாலைகள் நிறைந்த ரூர் பகுதிக்குள் படையோடு நுழைந்தன. அதை எதிர்த்து அங்கே வேலையை நிறுத்திய தொழிலாளிகளுக்குச் சம்பளம் கொடுக்க ஜெர்மன் அரசு நோட்டாக அடித்துத் தள்ளியது. நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். ஆயுள் முழுக்கச் சேர்த்தவன் கையில் என்ன மிஞ்சியிருக்கும்?

பாம்பன் தம்பி:
நோட்டு அடித்தது அவர்கள் முடிவு. அந்த 13,200 கோடியில் 8,200 கோடி ஊர் வாயை அடைக்க எழுதிய கணக்கு, வசூலாகும் என்று எழுதியவர்களே நம்பவில்லை. இன்னொன்று: 1928 தேர்தலில் நாஜிகளுக்கு 2.6 சதவீதம், 1932 ஜூலையில் 37. நடுவில் வந்தது உலகப் பொருளாதார மந்தம். அறுபது லட்சம் பேருக்கு வேலை இல்லை. வெர்செய்ல்ஸ் மேல் மட்டும் பழியைப் போடாதீர்கள்.

மண்டபம் அக்கா:
இரண்டு பேரும் பணத்தையே பேசுகிறீர்கள். 1932 லோசான் மாநாட்டோடு இழப்பீடு ஏறக்குறைய முடிந்தே போனது. ஆறு மாதத்தில் ஹிட்லர் பதவிக்கு வந்துவிட்டார். பணம் நின்ற பிறகும் கோபம் நிற்கவில்லையே? போருக்குப் பொறுப்பு நீதான் என்ற 231-வது பிரிவும், நேரில் உட்கார்ந்து பேசக்கூட விடாமல் கையெழுத்துப் போடு என்றதும்தான் உறுத்தியது. நம் சீமையையே பாருங்கள். 1801-ல் கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டைகளை இடித்தது, ஆயுதத்தைப் பிடுங்கியது. கிஸ்தி (வரி) எவ்வளவு என்று இன்று யாரைக் கேட்டாலும் தெரியாது. திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கில் போட்டது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பாம்பன் தம்பி:
அக்கா சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். ஆனால் 1945-ல் இதைவிடக் கடுமை. நாட்டையே நான்காகப் பிரித்தார்கள், தலைவர்களைக் கூண்டில் ஏற்றினார்கள். இன்னொரு ஹிட்லர் வரவில்லையே?

தொண்டிக்காரன்:
வரவில்லை. தலைவர்களைத் தண்டித்தார்கள், ஆனால் மேற்கு ஜெர்மனிக்கு அமெரிக்காவின் மார்ஷல் உதவித் திட்டத்தில் பணமும் கொடுத்தார்கள். 1953-ல் லண்டனில் பழைய கடனில் ஏறக்குறைய பாதியைத் தள்ளினார்கள். படகைத் திருப்பிக் கொடுத்து, பிடித்து வந்து கட்டு என்றார்கள், தம்பி. என் மாமா கேட்டதும் அவ்வளவுதான்.