லோயர் ஆர்ம் மாத்தின பிறகு வளைவு முடிஞ்சும் ஸ்டியரிங் நேருக்கு வரல

கோட்டைவாசல்:
வண்டி 2015 பெட்ரோல் ஹேட்ச்பேக், எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங், 92,000 கி.மீ. முன்பக்கம் ரெண்டு லோயர் ஆர்ம் (வீலைக் கீழே பிடிக்கிற கை), டை ராடு எண்ட் (ஸ்டியரிங்கை வீலோட இணைக்கிற கம்பியோட முனை), ஷாக் அப்சார்பர், மேல் மவுண்ட் (ஷாக் அப்சார்பர் தலையைப் பாடியோட பிடிக்கிறது) எல்லாம் போன வாரம் புதுசா போட்டாச்சு. அலைன்மெண்டும் பாத்தாச்சு, ரிப்போர்ட்ல எல்லாக் கட்டமும் பச்சை. ஆனா புளியரை எஸ் வளைவுல இடது பக்கம் ஒடிச்சா, வளைவு முடிஞ்சும் இடது பக்கமே இழுக்குது. வலது ஒடிச்சா வலது பக்கம். கையால நேராக்கினாத்தான் உண்டு. நேர் ரோட்டுல ஸ்டியரிங் வீல் சுமார் 10 டிகிரி இடது சாய்ஞ்சு நிக்குது. முன்ன இது ரெண்டும் கிடையாது. ஷெட்ல கேட்டா "புது பார்ட்ஸ், ஓட ஓட சரியாகும்"ங்கிறாங்க. மறுபடி அலைன்மெண்ட் போகவா, பார்ட்ஸைக் கழட்டச் சொல்லவா?

பார்டர்_பஞ்சர்:
முதல்ல காத்து பாருங்க. டயர் சூடாகறதுக்கு முன்ன, டிரைவர் கதவு ஓரம் ஒட்டியிருக்கிற அளவுக்கு வைங்க. அடுத்தது லோயர் ஆர்ம் புஷ், அதாவது ஆர்ம் வண்டியோட சேர்ற இடத்து ரப்பர். வண்டி லிஃப்டுல தொங்கும்போதே புஷ் போல்டை முறுக்கிட்டா, வண்டி கீழே இறங்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டு நிக்கும். போல்டைத் தளர்த்தி, வண்டியை நாலு வீல்ல நிக்கவச்சு, முன்பக்கத்தை ரெண்டு மூணு தடவை அமுக்கி விட்டுட்டு டைட் பண்ணச் சொல்லுங்க.

ரேக்_பினியன்:
புஷ் விஷயம் சரிதான் அண்ணாச்சி, அப்படி முறுக்கினா ரப்பர் சீக்கிரம் கிழியும். ஆனா இந்த நோய் அதுல வராது. லோயர் ஆர்ம் மேல கீழதான் ஆடும், ஸ்டியரிங் ஒடிக்கும்போது சுத்தாது. ஒரே பக்கம் இழுத்தா காத்து, டயர், கேம்பர் (வீல் உள்ளயோ வெளியயோ சாயுற கோணம்), பிரேக் பிடிப்புன்னு தேடலாம். கடைசியா ஒடிச்ச பக்கமே இழுத்தா, சுத்த வேண்டிய ஏதோ ஒண்ணு இறுகியிருக்கு. அலைன்மெண்ட் மெஷின் கோணத்தைத்தான் அளக்கும், இறுக்கத்தை அளக்காது. பச்சை வந்ததுல ஆச்சரியமே இல்ல.

கழட்டாம பாக்க ஒரு வழி இருக்கு. சமதளத்துல ஹேண்ட் பிரேக் போட்டு, இஞ்சின் ஓட, ஒருத்தர் ஸ்டியரிங்கை மெதுவா ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஒடிக்கட்டும். நீங்க விரல் நுனியை ஸ்பிரிங்கோட வெளிப்பக்கம் வைங்க. சுருளுக்கு நடுவுலயோ டயர் பக்கமோ விரல் போகக்கூடாது. வீல் திரும்பும்போது ஸ்பிரிங்கும் கூடவே வழுக்கிக்கிட்டுத் திரும்பணும். கொஞ்சம் நின்னு, முறுக்கேறி, "டங்"குனு ஒரு குதி குதிச்சா மேல் மவுண்ட் பேரிங் சுத்தலைன்னு அர்த்தம்.

அதுல பிடிபடலைன்னா முன்பக்கம் ரெண்டையும் தூக்கி ஸ்டாண்டு போட்டு, ரெண்டு டை ராடு எண்டையும் நக்கிள்ல (வீலைத் தாங்கித் திரும்புற இரும்பு) இருந்து கழட்டுங்க. நக்கிளைக் கையால திருப்பினா திருப்பின இடத்துல நிக்கணும். ரப்பர் மாதிரி திரும்பி வந்தா பேரிங் அல்லது ஸ்பிரிங் சீட். கனமா நகர்ந்தா கீழ் பால் ஜாயிண்ட் (லோயர் ஆர்மும் நக்கிளும் சேர்ற உருண்டை மூட்டு). ரெண்டு பக்கமும் லேசா ஓடி, ஸ்டியரிங் மட்டும் ஒரு இடத்துல இறுகினா ரேக் (டை ராடுகளை இடம் வலம் தள்ளுற பல் தண்டு) இல்லன்னா ஸ்டியரிங் காலம் ஜாயிண்ட் (ஸ்டியரிங் தண்டோட மூட்டு).

வீல் தொங்கும்போது இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி கையை எடுத்ததும் ஸ்டியரிங் தானா ஒரு பக்கம் சுத்தினா, அது டார்க் சென்சார் (கை எவ்வளவு முறுக்குதுன்னு பவர் ஸ்டியரிங்குக்குச் சொல்றது) கணக்கு. ஸ்கேனர்ல ஜீரோ பண்ணணும்.

கோட்டைவாசல்:
வலது ஸ்பிரிங் வழுக்கிக்கிட்டுத் திரும்புது. இடது ஸ்பிரிங் ஒவ்வொரு தடவையும் பாதியில குதிக்குது, சத்தமும் வருது. ஸ்டியரிங் வீலை மட்டும் கழட்டி நேராக்கிப் போட்டுடலாம்னு ஷெட்ல சொல்றாங்க.

ரேக்_பினியன்:
அப்போ இடது ஷாக் அப்சார்பரைக் கழட்டி இறக்கணும். ஸ்பிரிங்கை ஸ்பிரிங் கம்ப்ரஸரால (அமுக்கிப் பிடிக்கிற கருவி) அமுக்காம நடு நட்டை யாரும் தொடக்கூடாது, ஆளைக் கொல்லும். உள்ளே பாக்க வேண்டியது மூணு: பேரிங் தலைகீழா இருக்கா, வாஷரோ ஸ்பேசரோ விட்டுப்போச்சா, ஸ்பிரிங் வால் கீழ் சீட்டோட படியில முட்டி உக்காந்திருக்கா. ஸ்பேசர் இல்லாம இம்பாக்ட் கன்ல முறுக்கினா புது பேரிங்கும் நசுங்கிடும். நசுங்கினதைத் திரும்பப் போட வேண்டாம்.

ஸ்டியரிங் வீலைக் கழட்ட விடாதீங்க. அப்படி நேராக்கினா ரேக் நடுவுல இருக்காது, ஒரு பக்கம் அதிகமா ஒடியும், மறுபக்கம் குறையும். உள்ளே ஏர்பேக் வயர் சுருள் வேற இருக்கு.

சாய்வை டை ராடுலதான் எடுக்கணும், அதுவும் பேரிங் வேலை முடிஞ்ச பிறகு. ஸ்டியரிங் வீலை நேரா வச்சு கிளாம்ப் போட்டு டோ (முன் வீல் உள்ளயோ வெளியயோ பாத்து நிக்கிற அளவு) வைக்கணும். டோ அளவு சரியா இருந்து வீல் மட்டும் சாய்ஞ்சிருந்தா, ஒரு பக்கம் டை ராடை எவ்வளவு நீட்டறாங்களோ அவ்வளவே மறுபக்கம் குறைக்கணும். மொத்த டோ மாறாது. ரெண்டு டை ராடையும் கால்வாசி சுத்து திருப்பி ஓட்டிப் பாருங்க, சாய்வு கூடினா எதிர்ப்பக்கம். திருப்பும் முன்ன ரேக் ரப்பர் பூட்டோட சின்ன கிளிப்பைத் தளர்த்தணும், இல்லன்னா பூட் முறுக்கிக் கிழியும். ஒவ்வொரு தடவையும் ஓட்டும் முன்ன செக் நட்டை (டை ராடைப் பூட்டுற நட்டு) இறுக்கணும்.

பார்டர்_பஞ்சர்:
ஷாக் அப்சார்பரை நக்கிளோட பிடிக்கிற ரெண்டு போல்டையும் கவனிங்க. ஓட்டையில கொஞ்சம் இடம் இருக்கும், டைட் பண்ணும்போது நக்கிள் உள்ளே சாயுதா வெளியே சாயுதாங்கிறதைப் பொறுத்து கேம்பர் மாறும். அதனால கழட்டும் முன்ன பெயிண்ட் கோடு போட்டுக்கச் சொல்லுங்க, எப்படியும் அலைன்மெண்ட் புதுசாப் பாக்கணும். பேரிங் மாறும் வரைக்கும் ஆரியங்காவு மலை ரோட்டுல அந்த வண்டியில ஏறாதீங்க.