பூட்டு, பீரோ, கதவுச் சாமான்: இன்னும் மனதில் உறுத்துகிற அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

பாலக்கரைப்பையன்

அப்பா காரியம் முடிந்த மறுநாள். பீரோவின் வெளிச்சாவி இருந்தது, உள் லாக்கர் சாவியைத்தான் காணோம். எப்படிப்பட்ட பீரோ என்று சொல்ல வேண்டியதில்லை. பச்சை நிறம், பிடியைத் திருப்பினால் உள்ளே மேலும் கீழும் கம்பி நகரும் அந்தச் சத்தம், உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா எல்லாரும் அந்தச் சின்ன அறைக்குள் நின்றுகொண்டிருந்தார்கள்.

சாவி செய்கிறவரைக் கூட்டி வந்தேன். வெட்டாத சாவி ஒன்றை மெழுகுவர்த்தியில் காட்டிக் கரியேற்றினார். உள்ளே விட்டு லேசாகத் திருகி, வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். கரி எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே அரத்தால் ஓர் இழுப்பு. மறுபடி கரி, மறுபடி திருகல். ஒருத்தரும் பேசவில்லை. கடைசியில் 'டக்'கென்று ஒரு சத்தம். சித்தப்பா கதவை இழுக்கக் கையை நீட்டினார். அந்த ஆள் தன் உள்ளங்கையை லாக்கர் கதவின் மேல் வைத்து அழுத்திக்கொண்டார். "அம்மா வரட்டும்" என்றார். அவ்வளவுதான்.

அம்மா அடுக்களையிலிருந்து வந்ததும் சாவியை அம்மா கையில் கொடுத்துவிட்டு, அரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இருந்தது எல்ஐசி பத்திரமும் பழைய ரசீதுகளும்தான், அது பெரிய கதை இல்லை. யார் யார் என்ன உறவு என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. எத்தனை வீட்டில் இதே கூட்டத்தைப் பார்த்திருந்தால் அந்தக் கை அவ்வளவு சரியாக வந்திருக்கும்?

விக்ரோலிவாசி

பாலக்கரை, முதலில் ஒன்று. பச்சை நிறம், கம்பி நகரும் சத்தம் என்பதை வைத்து அது கோத்ரெஜ் பீரோ என்று முடிவு கட்டாதீர்கள். நம் ஊரில் பட்டறைப் பீரோவையும் கூசாமல் கோத்ரெஜ் பீரோ என்றுதான் சொல்லுவோம். கரியேற்றி அரத்தால் ராவிய சாவிக்கு அவ்வளவு சுலபமாகத் திறந்தது என்றால் எனக்குச் சந்தேகம்தான்.

என் அப்பா பம்பாயில் கோத்ரெஜின் விக்ரோலி ஆலையில் வேலை பார்த்தவர், அதனால் சொல்கிறேன். வக்கீல் தொழிலை விட்டுவிட்ட ஆர்தேஷிர் கோத்ரெஜ் 1897இல் பம்பாய் லால்பாகில் ஒரு கொட்டகையில் பூட்டு செய்யத் தொடங்கியது, அப்புறம் இரும்புப் பெட்டி, 1923இல் எஃகு பீரோ, இதெல்லாம் உங்களுக்கும் தெரியும். அப்பாவுக்கு இந்த வரலாறெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவருக்கு ஒரே ஒரு விஷயம்தான்: வாக்குப்பெட்டி.

முதல் பொதுத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி. பெட்டியின் மேல் அவருடைய சின்னம் ஒட்டியிருக்கும். எந்தப் பெட்டியில் சீட்டைப் போடுகிறோமோ அவருக்கு ஓட்டு. அதனால்தான் அத்தனை பெட்டி தேவைப்பட்டது. விக்ரோலியில் மட்டும் 12 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். வெளியே தனிப் பூட்டு வைத்தால் செலவு கட்டாது என்று பூட்டும் வேலையைப் பெட்டிக்கு உள்ளேயே வைத்தார்கள். அப்பா வேலைக்குச் சேர்ந்தது எத்தனையோ வருஷம் கழித்து. ஆனாலும் பழைய ஆட்கள் சொல்லிச் சொல்லி, தானே செய்த மாதிரி ஆகிவிட்டது அவருக்கு.

கண்ணம்வார் நகர் பள்ளிக்கூடத்தில்தான் எங்களுக்கு ஓட்டு. சீட்டைப் போட்டுவிட்டு நகர மாட்டார். குனிந்து, விரல் முட்டியால் பெட்டியின் பக்கவாட்டில் ரெண்டு தட்டு தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்பார். பின்னால் வரிசை நிற்கும். தேர்தல் அதிகாரி "காகா, புடே சலா" என்று பஸ் கண்டக்டர் மாதிரி விரட்டுவார். எனக்கு மானம் போகும். 2004இல் நாடு முழுக்க எந்திரம் வந்துவிட்டது. அந்தத் தடவை அப்பா உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தார். "என்னப்பா?" என்றேன். "பிளாஸ்டிக்" என்றார்.

பாலக்கரைப்பையன்

விக்ரோலி, பீரோ ஒரிஜினலா என்பதா இங்கே பேச்சு? பீரோ உள்பக்கம் கம்பெனித் தகடு இருக்கிறது, வேண்டுமானால் படம் போடுகிறேன். அப்புறம் அவர் சுலபமாகத் திறந்தார் என்று நான் எங்கே எழுதினேன்? காலையில் வந்தவர், சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

ஓஎம்ஆர்_மருமகள்

நீங்கள் இரும்புக் காலத்திலேயே இருக்கிறீர்கள். எங்கள் ஃபிளாட்டில் டிஜிட்டல் பூட்டு. கம்பெனி பெயர் வேண்டாம். நாங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், சாவியைத் தொலைக்கிற வம்பு இல்லை, கைரேகை போதும் என்று வீட்டுக்காரர் மாட்டினார். மாட்ட வந்த பையன் அத்தையின் விரலையும் பதிவு செய்துவிட்டுத்தான் போனான். அன்றைக்கு வேலை செய்தது.

ஒருநாள் சாயங்காலம் நான் லிஃப்டிலிருந்து வெளியே வருகிறேன். அத்தை கதவு முன்னால் நிற்கிறார், கையில் கீரைக்கட்டு. விரலை வைக்கிறார். "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்கிறது. முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்." இப்போது விரலை ஊதிவிட்டு வைக்கிறார். அந்தப் பெண் குரல் கொஞ்சமும் மாறவில்லை, அதே மரியாதை. அத்தை பூட்டைப் பார்த்து "நான்தாம்மா" என்றார்.

ஆயுசெல்லாம் சாம்பலிலும் சோப்பிலும் பாத்திரம் தேய்த்த கை. ரேகை எங்கே மிச்சம் இருக்கும்? கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால் "மேடம், விரலைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்கிறான். அந்தப் பதில்தான் இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியாதது.

கோவை_கதவுக்காரன்

என் அனுபவம் சின்னது. எங்கள் பெரியம்மா வீட்டில் திருடு போனது. காலையில் போய்ப் பார்த்தால் வாசல்படியில் பூட்டு இருக்கிறது, பூட்டியபடியே, கீறல்கூட இல்லை. கொண்டியின் திருகாணியை எல்லாம் கழற்றி, கொண்டியும் பூட்டும் சேர்ந்தாற்போல ஓரமாக வைத்துவிட்டுப் போயிருந்தான். விலை உயர்ந்த பூட்டு வேறு. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இதிலிருந்து சில விஷயம் சொல்லியே ஆக வேண்டும். கதவுச் சாமான் வியாபாரத்தில்தான் இருக்கிறேன்.

பூட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள் கொண்டிக்கும் ஆல்ட்ராப்புக்கும் (பூட்டு மாட்டுகிற பெரிய தாழ்ப்பாள்) கணக்குப் பார்ப்பார்கள். ஆல்ட்ராப்பைத் திருகாணியில் நிறுத்தாதீர்கள், கதவைத் துளைத்து போல்ட் போட்டு உள்பக்கம் நட்டு வையுங்கள். கொண்டியை மூடினால் திருகாணித் தலை எதுவும் வெளியே தெரியக் கூடாது. நிலையில் தாழ் போய் உட்காரும் தகட்டுக்கு நீளமான ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள். கம்பெனிப் பெட்டியில் வருகிற குட்டி ஸ்க்ரூ, ஒரு உதைக்குத் தாங்காது.

மார்ட்டைஸ் பூட்டு வைப்பவர்கள் முதலில் கதவின் தடிமனைப் பாருங்கள். 32 எம்எம் ஃபிளஷ் டோரைக் குடைந்து பூட்டை உள்ளே இறக்கினால் ரெண்டு பக்கமும் மிஞ்சுகிற மரம் சொற்பம். சாவி போடுகிற சிலிண்டர் வெளியே 3 எம்எம்முக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் இடுக்கியால் பிடித்து ஒடித்துவிடுவான்.

பூட்டில் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். ரெண்டு நாளைக்கு வழுக்கும், அப்புறம் தூசியைச் சேர்த்துப் பசையாகிவிடும். கிராஃபைட் பொடி போடுங்கள். இல்லையென்றால் பென்சில் முனையைச் சாவியில் தேய்த்து உள்ளே விட்டு ஆட்டினால் போதும்.

ஓஎம்ஆர் மேடத்துக்கு: டிஜிட்டல் பூட்டு பலவற்றில் வெளிப்பக்கம் கீழே ரெண்டு சின்ன உலோகப் புள்ளி இருக்கும். உள்ளே பேட்டரி தீர்ந்துவிட்டால் 9 வோல்ட் பேட்டரியை அந்தப் புள்ளிகளில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு எண்ணை அழுத்தித் திறக்கலாம். புதுசும் பழசுமாக பேட்டரி கலந்து போடாதீர்கள். மழைக்காலத்தில் மரக்கதவு ஊதினால் தாழ் சரியாகப் போய் விழாது, மோட்டார் முக்கும், பேட்டரி சீக்கிரம் தீரும். அப்போது கோளாறு பூட்டில் இல்லை, கதவில். ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லுங்கள்.

ஓஎம்ஆர்_மருமகள்

பேட்டரி தீர்ந்தது என்று நான் எங்கே சொன்னேன் சார்?

நாகல்நகர்_பேரன்

எல்லாரும் பம்பாய்க் கம்பெனி, டிஜிட்டல் கம்பெனி என்றே பேசுகிறீர்கள். திண்டுக்கல் ஆள் ஒருத்தன்கூட வரவில்லை என்று காத்திருந்தேன்.

எங்கள் வீட்டுப் பின்கட்டில்தான் பட்டறை. தாத்தா, அப்பா ரெண்டு பேருக்கும் மாங்காய்ப் பூட்டும் பெட்டிப் பூட்டும்தான் தொழில். பூட்டுக்குள் இருக்கிற லீவர் தகடு ஒவ்வொன்றையும் கையால் ராவி உட்கார வைப்பார்கள். சாவி ஒவ்வொரு லீவரையும் அதனதன் உயரத்துக்குத் தூக்க வேண்டும். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் தாழ் நகராது.

அப்பாவிடம் ஒரு பூட்டு இருந்தது. சாவித்துவாரம் வெளியே தெரியாது. பக்கத்தில் ஆணித்தலை போல ஒன்று இருக்கும், அதை அழுத்திக்கொண்டு ஒரு பித்தளைப் பூவை நகர்த்தினால்தான் துவாரம் தெரியும். வேலையில் சேர வருகிற பையன்களிடம் கொடுத்து "சாவி போடு பார்ப்போம்" என்பார்.

கடன் கேட்டு மனு போட்டிருந்தோம். பட்டறையைப் பார்க்க பேங்க் அதிகாரி வந்தார். எந்த பேங்க் என்பது வேண்டாம். அப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை, அந்தப் பூட்டையும் சாவியையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். அவர் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். ஃபைலைக் கீழே வைத்துவிட்டு ரெண்டு கையாலும் பார்க்கிறார். பட்டறைப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். நான் அப்பாவிடம் கண்ணைக் காட்டுகிறேன், போதும், சொல்லிவிடுங்கள் என்று. அப்பா ஒரு குழந்தைச் சிரிப்போடு நிற்கிறார். அதிகாரி பூட்டைத் திருப்பிக் கொடுத்த விதம் இருக்கிறதே, கொடுக்கவில்லை, மேஜையில் வைத்தார். கடன் வரவில்லை. இதனால்தான் என்று சத்தியம் செய்ய முடியாது. அம்மா மட்டும் அப்படித்தான் நம்புகிறாள். நான் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறேன்.

2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, கண்டாங்கிச் சேலையோடு சேர்த்து. டிவியில் ஓடுகிறது, அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சரி" என்றார். ஊர்க் கடைகளில் தொங்குவதில் பாதி உத்தரப்பிரதேசத்து அலிகார் சரக்கு, அதை எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

இணுவில்_அக்கா

1995 ஐப்பசி (ஒக்டோபர்) 30, சண்டை நேரம், இரவோடு இரவாக யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வெளிக்கிடச் சொல்லிவிட்டார்கள். ஒழுங்கை முழுக்கச் சனம், மழை. அம்மா முன்கதவுக்கு ஆமைப்பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்தா. படலை (வெளிவாசல்) வரைக்கும் வந்து, திரும்பிப் போய் இன்னொருக்கால் இழுத்துப் பார்த்தா. அண்ணா கத்தினார்.

அடுத்த சித்திரையில் திரும்பிப் போனோம். கதவு நிலையோடு நின்றது, பூட்டும் பூட்டினபடியே தொங்கியது. பக்கச் சுவர் இல்லை, கூரை இல்லை. நாங்கள் எல்லாரும் சுவர் விழுந்த பக்கத்தால் உள்ளே போய்விட்டோம். அம்மா வரவில்லை. முடிச்சிலிருந்து திறப்பை (சாவியை) எடுத்து, பூட்டைத் திறந்து, கதவால்தான் உள்ளே வந்தா. ஒருவரும் சிரிக்கவில்லை.

கோவை_கதவுக்காரன்

அக்கா, அத்தனை மாதம் மழையில் கிடந்தும் சாவி போட்டதும் திறந்ததா? அப்படியென்றால் உடம்பு பித்தளையாகத்தான் இருக்க வேண்டும். என்ன கம்பெனி?

பாலக்கரைப்பையன்

கோவை, அவர் எழுதியதைப் படித்துவிட்டு உங்களுக்குக் கேட்கத் தோன்றியது இதுதானா?

இணுவில்_அக்கா

பரவாயில்லை தம்பி, கேட்கட்டும். பித்தளைதான். கம்பெனிப் பேர் தேய்ந்து போச்சு. திறக்க அம்மா கொஞ்சம் கஷ்டப்பட்டவா, மண்ணெண்ணெய் விட்ட ஞாபகம். பூட்டு இன்னும் பாவனையில் இருக்கு. அண்ணா வீட்டுக் கேற்றில் பூட்டிக் கிடக்கு, திறப்பு மட்டும் புதிசு.

கோவை_கதவுக்காரன்

மண்ணெண்ணெய் சரி. தேங்காய் எண்ணெய்தான் கூடாது.

நாகல்நகர்_பேரன்

கோவை அண்ணே, கொண்டியைக் கழற்றிய கதைக்குப் பூட்டின் மேல் பழி போடாமல் விட்டதற்கு நன்றி. ஆனால் தேங்காய் எண்ணெய் விஷயம் ஒத்துக்க மாட்டேன். எங்கள் பட்டறையில் தாத்தா காலத்திலிருந்து லீவருக்கு அதுதான். தூசி உள்ளே போகிற மாதிரி இடைவெளி விட்டுச் செய்தால் எந்த எண்ணெய் விட்டாலும் அடைக்கத்தான் செய்யும்.

கோவை_கதவுக்காரன்

தம்பி, அடைத்துப்போன பூட்டு ஒன்றைப் பிரித்துப் படம் எடுத்து நாளைக்குப் போடுகிறேன். பார்த்துவிட்டுப் பேசலாம்.

ஓஎம்ஆர்_மருமகள்

அந்தப் படத்தைப் போடும்போது, ரேகை தேய்ந்த விரலுக்கு என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள் சார். எண் போடும் வசதி இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள். அதைச் சொல்லிக் கொடுத்தாயிற்று. பக்கத்து ஃபிளாட்காரர்கள் வெளியே நின்றால் அத்தை எண்ணை அழுத்த மாட்டார், அவர்கள் உள்ளே போகிறவரை கீரைக்கட்டோடு காத்திருக்கிறார்.