புயலில் ஓடிப்போய்த் தூக்கியவன் பஸ் ஸ்டாண்டில் ஏன் நின்றேன்?

மஞ்சக்குப்பத்தான்:
போன செவ்வாய் சாயங்காலம், கடலூர் பஸ் ஸ்டாண்ட். ஒரு பையன் வலிப்பு வந்து விழுந்தான். இருபது பேராவது இருந்திருப்போம். "சாவியைக் குடு, இரும்பைக் குடு" என்று சத்தம்தான் வந்தது, ஒருத்தரும் குனியவில்லை. நானும்தான். போன் கையிலேயே இருந்தது. கடைசியில் பூக்கார அம்மா கூடையை வைத்துவிட்டு வந்து அவன் தலையை மடியில் ஏந்தினார்.

இதே நான், 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் அடித்தபோது எதிர்வீட்டுக்கு ஓடினேன். அந்த வீட்டோடு சுவர்த் தகராறு, நாலு வருஷமாகப் பேச்சே கிடையாது. ஓடு பறப்பதை ஜன்னலில் பார்த்தேன், அடுத்து நினைவிருப்பது அந்தப் பாட்டி என் தோளில் இருந்ததுதான். நடுவில் எதையும் யோசிக்கவில்லை.

ஒரு வாரமாகத் தூக்கமில்லை. மனசு மரத்துப்போய்விட்டதா எனக்கு?

புதுவை வாத்தியார்:
இல்லை தம்பி. கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன், வருஷாவருஷம் இந்தப் பாடம் வரும். 1968-ல் ஜான் டார்லி, பிப் லாட்டனே என்ற இருவர் நியூயார்க்கில் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களைத் தனித்தனி அறையில் வைத்து இன்டர்காமில் பேசவிட்டு, நடுவில் ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல் பதிவு செய்த குரலை ஓடவிட்டார்கள். தான் மட்டும்தான் கேட்கிறோம் என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் அடங்குவதற்குள் உதவி தேடி எழுந்தார்கள். இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதம்தான்.

ஆனால் எழாதவர்கள் கல்நெஞ்சர்கள் இல்லை. அறைக்குள் போய்ப் பார்த்தபோது பலருக்குக் கை நடுங்கியது, உள்ளங்கை வேர்த்திருந்தது. உங்களுக்குத் தூக்கம் வராததும் அப்படித்தான். புயலன்று அந்த ஓடு பறந்ததைப் பார்த்தது உங்கள் கண் ஒன்றுதான். பஸ் ஸ்டாண்டில் இருபது ஜோடிக் கண்.

நர்ஸக்கா:
அடுத்த தடவைக்குச் சொல்கிறேன். சாவி, இரும்பு எதுவும் வேண்டாம். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையைக் காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். தலைக்கடியில் துண்டு வைத்து ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிஷம் தாண்டினால் 108. கூட்டத்தைப் பார்த்து "யாராவது போன் பண்ணுங்க" என்றால் நடக்காது, "நீலச் சட்டை அண்ணே, நீங்க பண்ணுங்க" என்று சொல்லுங்கள்.

வடலூர்க்காரி:
சார் சொன்ன கணக்கில் பூக்கார அம்மா எங்கே இருக்கிறார்? அவருக்கும் அதே இருபது பேர்தானே?

அப்பா இறந்த வருஷம் தைப்பூசத்தன்று தருமச்சாலையில் ஓரமாக அழுதுகொண்டு நின்றேன். 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு அங்கே இன்னும் எரிகிறது. முன்பின் தெரியாத ஒரு அம்மா சாம்பார் வாளியை என் கையில் திணித்து, "அந்த வரிசை உன்னுது" என்றார். பரிமாறி முடிக்கும்வரை அழுகை வரவில்லை. நல்ல மனசோடு போனவள் இல்லை நான், என் கையில் வாளி இருந்தது. அண்ணே, அந்தப் பூக்கார அம்மாவிடம் கேட்டுப் பாருங்களேன்.

மஞ்சக்குப்பத்தான்:
நேற்றுப் போய்க் கேட்டேன். கேள்வியே புரியாமல் பார்த்தார். "என் கூடைக்கு முன்னாடி விழுந்தான், வேற யாரு பாக்கறது?" என்றார். பையன் நெல்லிக்குப்பமாம், வெள்ளிக்கிழமை அவன் அம்மாவோடு வந்து பார்த்துவிட்டுப் போனானாம்.

பேச்சின் நடுவே, "கூடையைப் பாத்துக்க தம்பி, தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்" என்று எழுந்து போய்விட்டார். விழுப்புரம் பஸ் வந்தது, ஏறவில்லை. அவர் வருவதற்குள் ரெண்டு முழம் கதம்பம் விற்றுக் காசை வாங்கி வைத்திருந்தேன்.