அத்தையின் மருந்துச் சீட்டு

அத்தை: இடுப்பில் படர்தாமரை திரும்பத் திரும்ப வருகிறதே என்று தோல் டாக்டரிடம் போனேன். இரத்தம் எடுத்துப் பார்த்து, சுகர் இருக்கிறது என்று அதற்கும் அவரே மாத்திரை எழுதிவிட்டார். இன்னொரு டாக்டர் ஃபீஸ் மிச்சம் 😊

சித்தப்பா: தோல் டாக்டர் எப்படி அக்கா சுகர் மாத்திரை எழுதலாம்? விட்டால் நாளைக்கு எலும்பு டாக்டர் கண் ஆபரேஷன் செய்வார் போல. கேட்க ஆளே இல்லையா?

வக்கீல் அண்ணன்: சட்டப்படி எழுதலாம் சித்தப்பா. எம்பிபிஎஸ் முடித்துப் பதிவு செய்தவருக்கு இங்கே தோல், எலும்பு என்று தனித்தனி லைசென்ஸ் கிடையாது. படிக்காத துறையில் ‘நான் ஸ்பெஷலிஸ்ட்’ என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, டாக்டர்களுக்கான 2002 நடத்தை விதிகளில் இருப்பது அதுதான்.

சித்தப்பா: அப்போ அந்த ஹோமியோபதி டாக்டர் கேஸ்? நீதானே ஒரு தடவை சொன்னாய்.

வக்கீல் அண்ணன்: பூனம் வர்மா வழக்கு, சுப்ரீம் கோர்ட், 1996. ஹோமியோபதி படித்தவர் காய்ச்சலுக்கு அலோபதி மருந்து கொடுத்தார், நோயாளி இறந்துபோனார், 3 லட்சம் நஷ்டஈடு. அங்கே வைத்தியமுறையே வேறு, இது அப்படியில்லை. ஆனால் கை வைத்த பிறகு தப்பாகப் போனால் ‘நான் தோல் டாக்டர்தானே’ என்று கோர்ட்டில் நழுவ முடியாது. இருப்பதாகக் காட்டிக்கொண்ட திறமை இல்லையென்றால் அவர்தான் பொறுப்பு, 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு.

நர்ஸ் அக்கா: கொரோனா வார்டில் எங்கள் ஷிஃப்டில் கண் டாக்டர்தான் ஆக்ஸிஜன் பார்த்தார். தெரியாததை எங்களிடமே கேட்பார். கேட்காத டாக்டரிடம்தான் எனக்குப் பயம். அத்தை, சீட்டை ஃபோட்டோ எடுத்துப் போடுங்கள்.

அத்தை: 📷

நர்ஸ் அக்கா: சுகருக்கு மெட்ஃபார்மின் 500. கிட்னிக்கான கிரியாட்டினின் டெஸ்டும் பார்த்திருக்கிறார், நார்மல். கீழே ‘ஃபிசிஷியனைப் (பொது மருத்துவரை) பார்க்கவும்’ என்றும் இருக்கிறது, அதை மட்டும் அத்தை நம்மிடம் சொல்லவில்லை 😀 எனக்கு உறுத்துவது சுகர் மாத்திரை இல்லை, படர்தாமரைக்கு எழுதிய இட்ராகொனசோல். கொழுப்புக்கு ராத்திரி போடுவீர்களே, அது சிம்வாஸ்டாட்டின்தானே அத்தை? இரண்டையும் சேர்த்துப் போடவே கூடாது, தசை கெட்டுக் கிட்னி வரைக்கும் போகும். அவரிடம் சொன்னீர்களா?

அத்தை: இல்லைடி. தோல் டாக்டர்தானே, அவரிடம் போய்க் கொழுப்பு மாத்திரையை எதற்குச் சொல்வது என்று விட்டுவிட்டேன். காலையில் ஒன்று போட்டும் விட்டேனே?

நர்ஸ் அக்கா: ஒன்றுக்குப் பயப்படாதீர்கள். டாக்டரிடம் கேட்கும்வரை அடுத்ததும் வேண்டாம், ராத்திரி கொழுப்பு மாத்திரையும் வேண்டாம். இப்போதே கிளினிக்குக்கு ஃபோன் போடுங்கள்.

அத்தை: போட்டேன். டாக்டர் ஆறு மணிக்குத்தான் வருவாராம்.

சித்தப்பா: நான் ஐந்தரைக்கு வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன் அக்கா. வீட்டில் இருக்கிற மாத்திரை அத்தனையும் ஒரு பையில் போட்டு வையுங்கள்.