தாலி அடகுக்குப் போன வீட்டில் குடும்பத்தைப் பிடித்து நிறுத்துவது எது?

காசிமேட்டுக்காரன்:
ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அரசு கொடுக்கும் 8,000 ரூபாய் எந்த மூலைக்கு? நேற்று டீக்கடையில் ஒரு பெரியவர், இந்தக் காலத்துப் பிள்ளைகள் இரண்டு தடைக்காலம் தாண்டுவதற்குள் கோர்ட்டுக்கு ஓடிவிடுகிறார்கள் என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். எங்கம்மா தாலி வருடா வருடம் மே மாதம் சேட்டு கடைக்குப் போகும், கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு, ஆனாலும் அப்பாவை ஒரு வார்த்தை சொன்னதில்லை. பொறுத்துப் போனதால்தான் 38 வருடம்.

கொருக்குப்பேட்டை மருமகள்:
தம்பி, இதை அம்மாவிடம் கேட்டுவிட்டா எழுதினீர்கள்? போக்கிடம் இல்லாமல் இருந்தாலும் பார்ப்பவர்கள் அதைப் பொறுமை என்றுதான் சொல்வார்கள்.

என் கதை இது. 2020 ஊரடங்கில் வீட்டுக்காரருக்கு லாரி வேலை நின்றது. கஞ்சி குடித்தோம், அது ஒன்றும் பெரிதில்லை. மூன்று மாதம் கழித்து வட்டிக்காரர் வாசலில் வந்து நின்றபோதுதான் கடன் இருப்பதே எனக்குத் தெரியும். அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். இரண்டு மாதம் கழித்துத் திரும்பியது ஒரே நிபந்தனையில்: வாங்குவது, கொடுப்பது எல்லாம் ஒரு நோட்டில் எழுத வேண்டும், அது அடுப்படியில் தொங்கும். முதல் வாரம் "இதர செலவு 300" என்று எழுதினார். அந்த இதர யாருங்க என்று கேட்டேன். அடுத்த வாரம் "குவாட்டர் ஒன்று" என்று அவர் கையாலேயே எழுதியிருந்தது.

காசிமேட்டுக்காரன்:
நோட்டுப் போட்டு நடத்தினால் அது கம்பெனி அக்கா, குடும்பம் இல்லை. நம்பிக்கை இருக்கிற இடத்தில் கணக்கு எதற்கு?

எண்ணூர் ஃபைபர்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்ததே, என் படகும் வலையும் தாராகிப் போனது. எண்ணூர் மீன் என்றாலே வாங்க ஆள் இல்லை. மீன் கூடை தூக்கிய மனைவி திருவொற்றியூரில் வீட்டு வேலைக்குப் போனாள். அவள் சம்பாதிக்க நான் சும்மா உட்கார்ந்திருந்தது இருக்கிறதே, பணக் கஷ்டத்தைவிட அதுதான் என்னைத் தின்றது, குழம்பில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளிவிட்டேன். அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "நாளையிலிருந்து குழம்பு நீயே வை" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். வைத்தேன். மூன்று நாள் ஒரே உப்புக்கரிப்பு, அவள் எதுவும் பேசாமல் சாப்பிட்டாள். பொறுமை என்றால் அதைச் சொல்லலாம்.

கொருக்குப்பேட்டை மருமகள்:
அண்ணா, உங்கள் வீட்டில் நோட்டுக்குப் பதில் குழம்புச் சட்டி, அவ்வளவுதான்.

அப்புறம் தம்பி, "கோர்ட்டுக்கு ஓடுகிறார்கள்" என்றீர்களே, இந்து திருமணச் சட்டப்படி இருவரும் சம்மதித்தாலே ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனு போட்ட பிறகு இன்னும் 6 மாதம் காத்திருக்க வேண்டும். அந்த 6 மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 2017-ல்தான். விளையாட்டுக்கு யாரும் படியேறுவதில்லை. அடி விழுகிற வீட்டை நான் இந்தப் பேச்சிலேயே சேர்க்கவில்லை, அங்கே பெண்கள் உதவி எண் 181-க்கு போன் போடுவதுதான் சரி.

காசிமேட்டுக்காரன்:
அம்மாவிடம் கேட்டேன். சிரித்தாள். ஒரு வருடம் அப்பா அவளுக்குத் தெரியாமல் அடகுச் சீட்டை எடுத்துப் போய் மேலே பணம் வாங்கிவிட்டாராம், ஆறு மாதம் பேச்சு இல்லையாம். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்", "அம்மாவிடம் சட்டை கேள்" என்று இரண்டு பேருக்கும் நடுவில் ஓடினது நான்தான், விளையாட்டு என்று நினைத்திருக்கிறேன்.

ஆனாலும் நோட்டை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கொருக்குப்பேட்டை மருமகள்:
சரி தம்பி. அதற்கப்புறம் சீட்டு யாரிடம் இருந்தது?

காசிமேட்டுக்காரன்:
அம்மாவிடம். அரிசி டப்பாவுக்குள்.